பதற்ற மாத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் மருந்துக் கவுன்டரில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். தமிழ் பேசும் ஆள் கிடைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பலர் கேட்பது ஒரே வகை மாத்திரையைப் பற்றித்தான். நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை, டென்ஷன் மாத்திரை என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மருத்துவத்தில் அந்தக் குடும்பத்தின் பெயர் பென்சோடையசிபின், சுருக்கமாகப் பென்சோ. பின்னால் வரிசை எண் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகச் சொல்ல முடியாத பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் மாற்ற வேண்டும். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

எனக்குக் கொடுத்த மாத்திரை இந்த வகைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அல்பிரசோலம், லோரசிபாம், டையசிபாம், குளோனசிபாம் என்று இருந்தால் இந்த வகைதான். சனாக்ஸ், ஆட்டிவன், வேலியம், ரிவோட்ரில் ஆகியவை இதே வரிசையில் அவற்றின் வணிகப் பெயர்கள்.

சோல்பிடெம், சோபிகுளோன் என்ற தூக்க மாத்திரைகள் வேறு குடும்பம். ஆனாலும் மூளையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன. கீழே எழுதியிருக்கும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

பதற்றத்துக்குத் தரும் மாத்திரை எல்லாமே இந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். புரோபிரனோலால் நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் இதய மருந்து. அது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஹைட்ராக்ஸிசின் அலர்ஜிக்கான பழைய மருந்து. எஸ்கிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃபுளுவாக்ஸடின் ஆகியவை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் எடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற தனி வகை. சந்தேகம் இருந்தால் மாத்திரை அட்டையை அப்படியே கவுன்டருக்குக் கொண்டுவாருங்கள். "வெள்ளையா, சின்னதா, உருண்டையா இருக்கும்" என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. கடையில் பாதி மாத்திரைகள் அப்படித்தான் இருக்கும்.

இது உடம்புக்குள் என்ன செய்கிறது?

மூளையில் நரம்புகளைச் சாந்தப்படுத்தும் ஒரு வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. அதன் பெயர் காபா. இந்த மாத்திரை காபா உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, அதன் வேலையை இன்னும் வலுவாக்குகிறது. அதனால் பதற்றம் தணியும், தசை தளரும், தூக்கம் வரும், வலிப்பு அடங்கும்.

தொடர்ந்து எடுத்தால் மூளை இந்த வெளி உதவிக்குப் பழகி, தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். நன்மை, ஆபத்து இரண்டும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன.

எல்லாரும் பயமுறுத்துகிறார்களே, இதில் நன்மையே கிடையாதா?

உண்டு. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஏனென்றால் பயத்தினாலேயே தேவையான மருந்தைத் தொடாமல் தவிக்கிறவர்களையும் பார்க்கிறேன்.

திகில் தாக்குதல் வந்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். நெஞ்சு அடைக்கும், கை விரல்கள் மரத்துப்போகும், மூச்சு உள்ளே போகாது. இதோ சாகப் போகிறோம் என்று உறுதியாகத் தோன்றும். எம்ஆர்டி ரயிலில் பாதி வழியில் இறங்கி, பிளாட்பாரத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தவர்கள் இருக்கிறார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்த பிறகும் அந்தப் பயம் லேசில் போகாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு அல்பிரசோலம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நிம்மதி தரும். பதற்றத்துக்கு நீண்ட நாள் தரும் மாத்திரைகள் இவ்வளவு வேகமாகக் கேட்பதில்லை.

இன்னொரு நல்ல பயன், பாலமாக இருப்பது. எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்குப் பதற்றம் கூடவும் செய்யும். அந்த நாட்களைத் தாண்ட டாக்டர் கொஞ்ச நாளைக்குப் பென்சோவைச் சேர்த்துத் தருவார். எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுக்கவே பயப்படுகிறவருக்கு ஒரே ஒரு மாத்திரை, அறுவைச் சிகிச்சைக்கு முன் ஓர் ஊசி, நிற்காத வலிப்புக்கு அவசர மருந்து, குடியை நிறுத்துகிறவருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வராமல் பாதுகாப்பு என்று இதற்கு வேறு வேலைகளும் உண்டு. இந்தக் கடைசி இரண்டும் உயிர் காக்கும் வேலைகள்.

இதன் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ரோஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் 1955-ல் இந்த வகையின் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். 1960-ல் லிப்ரியமும் 1963-ல் வேலியமும் சந்தைக்கு வந்தன. அதற்கு முன் இருந்தவை பார்பிட்டுரேட் மாத்திரைகள். அவற்றில் அளவு கொஞ்சம் கூடினாலே உயிர் போகலாம். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆகவே டாக்டர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். விட முடியாமல் பல பேர் சிக்கிக்கொண்டது பிறகுதான் வெளியே தெரிந்தது.

அப்படி வேகமாகக் கேட்கும் மருந்தை ஏன் முதல் மருந்தாகத் தருவதில்லை?

பதற்றம் மாதக் கணக்கில் இருக்கும் நோய். பென்சோ மணிக் கணக்கில் வேலை செய்யும் மருந்து. நீண்ட நாளைக்கு எஸ்எஸ்ஆர்ஐ போன்ற மருந்துகளும், சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும்தான் முதலில் வருகின்றன.

சிபிடி பற்றி ஒரு வார்த்தை. பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், பயம் ஏறித் தானாக இறங்குவதை மூளைக்குக் காட்டுவது அதில் ஒரு முக்கியப் பகுதி. லிஃப்டுக்குப் பயப்படுகிறவர் ஒவ்வொரு தடவையும் மாத்திரை போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால், "மாத்திரையால்தான் பிழைத்தேன்" என்று மூளை கற்றுக்கொள்ளும். லிஃப்ட் ஆபத்தில்லை என்பதைக் கற்றுக்கொள்ளாது. சிபிடிக்குப் போகிறவர் மாத்திரை எடுப்பதை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும்.

கொடிய விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு வரும் மன அதிர்ச்சி நோய்க்குப் பென்சோவைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே இது உதவுவதைவிடத் தொந்தரவு செய்வதே அதிகம்.

எத்தனை நாள் எடுக்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம். குறைந்த அளவில், முடிந்தால் தினமும் எடுக்காமல் தேவைப்படும் நாட்களில் மட்டும். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2008-ல் இதற்கென்றே விதிமுறைகளை வெளியிட்டது. ஒருவருக்கு மொத்தமாக எட்டு வாரத்துக்கு மேல் பென்சோ தேவைப்பட்டால் பொது மருத்துவர் தொடர்ந்து தரக் கூடாது, சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. இந்த விதிகளை மீறி அள்ளிக் கொடுத்த டாக்டர்கள்மீது சிங்கப்பூர் மருத்துவ மன்றம் நடவடிக்கை எடுத்ததும் உண்டு.

அதனால் உங்கள் குடும்ப டாக்டர், "இதற்கு மேல் தர முடியாது, மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருகிறேன்" என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை விரட்டவில்லை. அவர் சரியாக நடந்துகொள்கிறார்.

நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: மாத்திரையை ஆரம்பிக்கும் அன்றே, "டாக்டர், இதை எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறோம்?" என்று கேளுங்கள். தேதியை உறையின்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். நான் பார்த்த சிக்கல்களில் அதிகமானவை மாத்திரையைத் தொடங்கியதால் வந்தவை இல்லை. முடிவுத் தேதி இல்லாமல் தொடங்கியதால் வந்தவை.

கையெழுத்து வாங்குகிறார்கள், கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். என்னைப் போதைப்பித்தன் என்று நினைக்கிறார்களா?

இல்லை. இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நிமெட்டசிபாம், எரிமின் என்ற பெயரில் இங்கே தெருவில் விற்கப்பட்டது. அது இன்று போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் பொருள். மிடசோலம் மாத்திரையையும் சிலர் கிளினிக் கிளினிக்காகப் போய் வாங்கிச் சேர்த்தார்கள். அதனால்தான் பதிவும் கேள்வியும். உங்களுக்கு மட்டும் தனியாகச் செய்வதில்லை.

ஒரு வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னபடியே எடுத்தவருக்கும் உடம்பு மருந்துக்குப் பழகிப்போகும். நிறுத்தினால் தொந்தரவு வரும். அது உடல் சார்ந்த பழக்கம், உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. சுகத்துக்காகத் தேடி அலைவது, அளவைத் தானே ஏற்றிக்கொள்வது, கெடுதல் தெரிந்தும் விட முடியாமல் போவது ஆகியவைதான் அடிமையாதல். முதலாவது எவருக்கும் வரலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் புதுப்பித்தபோது, சில நாட்கள் முதல் சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே உடல் பழகிவிடலாம் என்று தெளிவாகவே சொன்னது.

வயதான அம்மா அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

அப்பா இறந்த மாதம் அம்மா தூங்கவே இல்லை. பக்கத்து கிளினிக்கில் லோரசிபாம் அரை மில்லிகிராம், இரவில் ஒன்று, இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள். சரியான முடிவுதான். அம்மாவும் தூங்கினார். நானும் நிம்மதியாக என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா கழிப்பறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மருத்துவமனையில், "என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்கள். பிரஷர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் மட்டும்தான் என்று நான் உறுதியாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாமி அலமாரிக்குக் கீழே இருந்த நீல நிற பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ஊசி நூல் இருக்கும் என்று நினைத்திருந்த டின். உள்ளே கத்தரித்த மாத்திரை அட்டைகள், இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன. இரண்டு வேறு கிளினிக்குகளின் உறைகள். ஒன்று எங்கள் புளோக்குக்குக் கீழே, இன்னொன்று மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி. ஒன்று போதாமல் இரண்டாகி, அந்த நேரத்தில் இரவுக்கு மூன்று மாத்திரை ஆகியிருந்தது.

அம்மா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. "உனக்கு எதுக்கும்மா தொந்தரவு, நீயே ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு களைச்சு வர்றே" என்றார். தினமும் நூறு பேருக்கு மருந்து விளக்கம் சொல்கிறவள் சொந்த அம்மாவின் டின்னைத் திறந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வயதானால் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் உடைக்கும். டையசிபாமும் அது உடைந்து உண்டாகும் பொருளும் சேர்ந்து உடம்பில் நாட்கணக்கில் தங்கும். அதனால் நேற்றைய மாத்திரையின்மேல் இன்றைய மாத்திரை ஏறும். தள்ளாட்டம், விழுதல், இடுப்பெலும்பு முறிவு, குழப்பம், மறதி எல்லாம் வரும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வைத்திருக்கும், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் பென்சோக்களும் இருக்கின்றன.

கொடுத்தே ஆக வேண்டிய நிலை சில நேரம் வரும். அப்போது குறைந்த அளவில், சில நாட்களுக்கு. கட்டிலிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு, சுவரில் பிடிமானம், ஈரமில்லாத தரை எல்லாம் அன்றே வேண்டும். வீட்டில் முதியவர் இருந்தால் அவருடைய மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மருந்தாளரிடம் காட்டுங்கள். டின்களையும் திறந்து பாருங்கள்.

இது மறதி நோயை வரவழைக்குமா?

மாத்திரை எடுத்த சில மணி நேரத்தில் நடந்தது நினைவில் பதியாமல் போகலாம். இது உறுதியாகத் தெரிந்த விளைவு. நீண்ட நாள் எடுத்தால் பிற்காலத்தில் டிமென்ஷியா வருமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. டிமென்ஷியாவின் ஆரம்பத்திலேயே பதற்றமும் தூக்கமின்மையும் வருவதால் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நன்றாகிவிட்டது, நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?

சில நாட்கள் மட்டும் எப்போதாவது எடுத்தவர் பெரும்பாலும் சிரமமில்லாமல் நிறுத்திவிடலாம். பல வாரங்கள் தினமும் எடுத்தவர் திடீரென்று நிறுத்தவே கூடாது. தயவுசெய்து இதை ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்துபோவது, "எல்லாம் விட்டொழித்துவிட்டேன்" என்று தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கும் அன்று நிறுத்துவது, கணவருக்குக் கோபம் வந்து மாத்திரையைக் குப்பையில் போடுவது என்று திடீர் நிறுத்தம் பல வழிகளில் நடக்கிறது. கை நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லாத இரவுகள், சத்தமும் வெளிச்சமும் தாங்காத நிலை, தசை இழுப்பு ஆகியவை அறிகுறிகள். அல்பிரசோலம், லோரசிபாம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கலாம். டையசிபாமில் ஒரு வாரம்கூடத் தள்ளி வரலாம்.

"பழைய பதற்றம்தான் திரும்பிவிட்டது" என்று பலர் நினைத்து மறுபடி மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள். முன்பு இல்லாத புதிய தொந்தரவுகள், அதாவது தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, காதில் இரைச்சல், வெளிச்சம் கண்ணைக் குத்துவது போன்றவை நிறுத்திய சில நாட்களில் வந்தால் அவை பெரும்பாலும் மருந்தை விட்டதால் வந்தவை. வலிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது ஆகியவை வந்தால் உடனே 995.

அப்படியானால் எப்படிக் குறைப்பது?

டாக்டரோடு சேர்ந்து, மெதுவாக. அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து முதல் பத்து சதவீதம் குறைப்பதிலிருந்து தொடங்கலாம் என்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் இரண்டு வாரத்தில் இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிலருக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் டையசிபாமுக்கு மாற்றிக் குறைப்பார்கள். அதை வீட்டில் நீங்களே கணக்குப் போட்டுச் செய்யாதீர்கள். அரை மில்லிகிராம் அல்பிரசோலமும் அரை மில்லிகிராம் டையசிபாமும் ஒன்றல்ல, இரண்டுக்கும் வீரியத்தில் பல மடங்கு வித்தியாசம்.

அம்மாவுக்கு டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கால் மாத்திரை என்று குறைத்தார். மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் பிளேடில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைத் துகளைக்கூட முதல் வாரத்தில் அம்மா விரலால் ஒற்றி எடுப்பார், அளவு குறைந்துவிடுமோ என்ற பயம். சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் குறைக்கும் நாளுக்கு வட்டம் போட்டோம். நடுவில் என் அத்தை இறந்தபோது ஆறு வாரம் குறைக்காமல் அதே அளவில் நிறுத்திவைத்தோம். டாக்டரே அப்படித்தான் சொன்னார். நின்றால் தப்பில்லை, மறுபடி மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். எல்லாம் சேர்த்து ஏறக்குறையப் பத்து மாதம் ஆயிற்று. கடைசிக் கால் மாத்திரையை விடுவதுதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அளவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் அது பக்கத்தில் இல்லாமல் படுப்பது பெரிய விஷயம். அந்த வாரம் நான் அம்மா அறையில் பாய் போட்டுப் படுத்தேன்.

எதனோடு சேர்க்கக் கூடாது?

மது வேண்டாம். பீராக இருந்தாலும், தீபாவளி விருந்தாக இருந்தாலும், கல்யாண வீட்டில் ஒரே ஒரு கிளாஸாக இருந்தாலும் வேண்டாம். தனியாக எடுத்த பென்சோ அளவு மீறினாலும் உயிர் போவது அரிது. மதுவோடோ ஓப்பியாய்டு என்ற அபின் வகை மருந்தோடோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும். பல் பிடுங்கப் போனாலும், இருமலுக்குக் கிளினிக் போனாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகள் மயக்கத்தைக் கூட்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஆகியவை அல்பிரசோலத்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் நோய், நுரையீரல் நோய், தசைப் பலவீன நோய் இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் சொல்ல மறப்பது ஒன்று உண்டு: தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கும் அமுக்கராக் கிழங்குச் சூரணம், அதாவது அஸ்வகந்தா. "அது மருந்தில்லையே, நாட்டு வைத்தியம்தானே" என்பார்கள். அமுக்கராவும் தூக்கத்தைக் கூட்டக்கூடியது. சாப்பிடுகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

மாத்திரை எடுத்துவிட்டு வேலைக்குப் போகலாமா? வண்டி ஓட்டலாமா?

தொடங்கிய நாட்களிலும், அளவை மாற்றிய நாட்களிலும் ஓட்டாதீர்கள். இரவு எடுத்த மாத்திரையின் மந்தம் காலையிலும் இருக்கலாம். மருந்தின் மயக்கத்தில் கட்டுப்பாடில்லாமல் ஓட்டினால் டாக்டர் சீட்டு கையில் இருந்தாலும் சாலைச் சட்டப்படி குற்றம்தான். லாரி, ஃபோர்க்லிஃப்ட், பாரந்தூக்கி ஓட்டுகிறவர்களும் உயரத்தில் வேலை செய்கிறவர்களும் என்ன வேலை என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைக்கும் தம்பிகளை நிறையப் பார்க்கிறேன். சாரத்தின்மேல் நின்றுகொண்டு தலை சுற்றினால் பிடிக்க ஆள் இருக்காது. வேறு மருந்தும், சில நாள் மருத்துவ விடுப்பும் கேட்டால் கிடைக்கும்.

ஊரில் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே, கொண்டுவரலாமா?

இந்தியாவிலும் அல்பிரசோலம் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான். அங்கே அது ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. சில கடைகளில் கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பதற்ற மாத்திரை, தூக்க மாத்திரை, கடும் வலி மாத்திரை போன்றவற்றைச் சொந்த உபயோகத்துக்குச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். அந்த ஆணையத்தின் இணையப் பக்கத்தில் மருந்தின் பெயரைச் சரிபார்த்து, டாக்டர் சீட்டோடு பயணத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மற்றவர்களுக்காகக் கொண்டுவராதீர்கள். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு அட்டை" என்ற நல்லெண்ணம் விமான நிலையத்தில் எடுபடாது. துபாய் வழியாகப் போகிறவர்கள் அந்த நாட்டு விதியையும் பாருங்கள், அங்கே கட்டுப்பாடு கடுமை.

டெலிகிராமில் விற்கும் மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

கர்ப்பமாக இருக்கிறேன். என்ன செய்வது?

திடீரென நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். பிரசவத்தை ஒட்டி எடுத்தால் குழந்தை தளர்ந்து, பால் குடிக்கச் சிரமப்பட்டு, மூச்சு மந்தமாகப் பிறக்கலாம். தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டரே சொல்ல முடியும்.

பரீட்சைப் பயத்துக்குப் பிள்ளைக்கு என் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

வேண்டாம். பயத்தோடு சேர்த்து, படித்ததை நினைவுக்குக் கொண்டுவரும் வேகத்தையும் அது குறைத்துவிடும். சிலருக்கு நேர்மாறாக எரிச்சலும் ஆத்திரமும் வருவதுண்டு, முக்கியமாகச் சிறு வயதினருக்கும் முதியவர்களுக்கும். பிள்ளைக்குப் பதற்றம் இருந்தால் பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்.

இங்கே யாரிடம் போவது? செலவு?

பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) தொடங்கலாம். பதற்ற நோய், நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் திட்டத்தில் சேர்ந்துள்ள மருந்தகங்களில் செலவின் ஒரு பகுதிக்கு உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மனநலக் கழகத்துக்கோ பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

மாத்திரையை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு மனநலக் கழகத்திலேயே தேசிய அடிமைநிலை நிர்வாகச் சேவை இருக்கிறது. தொலைபேசி 6732 6837. பேச ஆள் வேண்டும் என்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண். நெருக்கடி என்றால் மனநலக் கழகத்தின் 6389 2222, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767. இரண்டும் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

தமிழில்தான் மனம் திறந்து பேச வரும் என்றால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். "எனக்குத் தமிழ் பேசும் ஆள் வேண்டும்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. படபடப்பு, பதைபதைப்பு, நெஞ்சு திக்கென்று இருப்பது, வயிற்றைப் பிசைவது, இவையெல்லாம் ஒன்றல்ல. இங்கிலீஷில் சொல்லும்போது எல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. சிகிச்சைக்கு அந்த வித்தியாசம் தேவை.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை என்ன செய்வது?

அடுத்த தடவைக்கு ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். கழிப்பறையிலும் கொட்டாதீர்கள். அட்டையிலிருந்து உரித்து, காப்பித் தூள் சக்கையோடு கலந்து, கட்டிய பையில் போட்டுக் குப்பையில் சேருங்கள். லேபிளில் உள்ள உங்கள் பெயரையும் அடையாள எண்ணையும் கிழித்துவிட்டு உறையைப் போடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், உரித்ததை மேசையில் அப்படியே வைத்துவிட்டுச் சக்கை எடுக்கச் சமையலறைக்குப் போகாதீர்கள். சக்கையை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.